பிரித் நூலும் மூச்சும்

சிறு பராயத்தில் எனக்குத் தொய்வு நோய் இருந்தது. வெள்ளவத்தையில் ஈரக் கடற்காற்று வீசும் இரவுகளில் நெஞ்சு அடைத்துவிடும். ஒருநாள் அம்மா என்னைக் களனி விகாரைக்கு அழைத்துச் சென்றார். நாங்கள் சைவர், ஆயினும் அங்கே அந்நியம் தோன்றவில்லை. விபீஷணனுக்கும் அவ்விடத்தில் கோவில் உண்டல்லவா! பிக்கு ஒருவர் பிரித் ஓதி, என் மணிக்கட்டில் வெண்ணூல் கட்டினார். அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

அது வெறும் மயக்கந்தானா? 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றைப் படித்தபோது அந்த நூல் நினைவுக்கு வந்தது. தொய்வு நோயாளர் 39 பேருக்கு ஒருநாள் மெய்யான மூச்சு மருந்தும், வேறொருநாள் மருந்தற்ற போலியும் கொடுத்தார்கள். இரண்டாலும் ஏறத்தாழப் பாதி சுகம் கண்டதாக அவர்கள் கூறினர். மூச்சை அளந்த கருவியோ வேறு கதை சொன்னது. மெய் மருந்தால் மூச்சின் வலு 20 வீதம் கூடிற்று. போலியால் 7 வீதமே. ஒன்றுமே கொடாத நாளிலும் அதே 7 வீதந்தான்!

ஆகவே நான் கண்ட சுகம் பொய்யன்று. அச்சம் மூச்சை விரைவாக்கும். அடைப்பை இன்னும் பெரிதாகக் காட்டும். அம்மாவின் அணைப்பும் பிக்குவின் குரலும் அந்த அச்சத்தைத் தணித்தன. சுருங்கிய மூச்சுக்குழாயை விரிப்பது வேறு வேலை.

இதனை அறியாமல், நோய் தீர்ந்ததென நம்பி மாரிகாலத்தில் மருந்தை நிறுத்தினோம். மூன்றாம் இரவு என் உதடுகள் நீலம் பாரித்தன. அப்பா என்னைத் தோளிற் போட்டுக்கொண்டு காலி வீதிக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின்னும் அம்மா நூலை அவிழ்க்கவில்லை. மருந்து வேளையை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை.