முணுமுணுப்பின்றி இசை கேட்க: வால்வினால் அமையும் முன்விரியலாக்கி

இசைத்தட்டின் வரையிலே ஊசி ஓடும்பொழுது காந்த ஊசித்தலையில் பிறக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 5 மில்லிவோல்ற்று மட்டுமே. கைவிளக்கின் ஒற்றை மின்கலம் தரும் அழுத்தத்தில் இது முந்நூறில் ஒரு பங்கு. நாதசுரத்தின் முழக்கமும் வீணையின் கமகமும் இச்சிறு அளவினுள் அடங்கிக் கிடக்கின்றன. இதனை ஏறத்தாழ 1 வோல்ற்றுக்கு உயர்த்தி, ஒலிபெருக்கியை இயக்கும் பெரிய விரியலாக்கியிடம் ஒப்படைப்பதே முன்விரியலாக்கியின் தொழில்.

திரான்சிற்றர் வந்தபின் வால்வு பெரும்பாலும் வழக்கொழிந்தது. ஆயினும் இசையன்பர் பலர் அதனைக் கைவிட்டாரல்லர். ஈ.சி.சி. 83 என்ற வால்வு இன்றும் சிலோவாக்கியா, ரசியா, சீனா ஆகிய நாடுகளிற் செய்யப்படுகின்றது. அமெரிக்கர் இதனை 12 ஏ.எக்ஸ். 7 என்பர். ஒரே கண்ணாடிக் குமிழினுள் இரண்டு மும்முனை வால்வுகள் இதிலுள்ளன.

1904 இல் பிளெமிங் அமைத்த இருமுனை வால்வினுள், 1906 இல் லீ டி பொரெஸ்ட் மூன்றாவது முனையாகிய நெய்யரியைப் புகுத்தினார். சூடேறிய கதோட்டிலிருந்து அனோட்டை நோக்கி இலத்திரன்கள் பாய்கின்றன. இடையில் நிற்கும் நெய்யரி வாய்க்காலின் மடைப்பலகை போன்றது. பலகையைச் சிறிது அசைத்தாலே பெருநீர் கூடவும் குறையவும் காண்கிறோமல்லவா?

இனி, கணக்கைப் பார்ப்போம். மின்வழங்கல் 250 வோல்ற்று. அனோட்டுத் தடை 1,00,000 ஓம். கதோட்டுத் தடை 1,500 ஓம். இந்நிலையில் ஏறக்குறைய 0.86 மில்லியம்பியர் மின்னோட்டம் செல்லும். அனோட்டுத் தடையில் 86 வோல்ற்று இழக்கப்பட, அனோட்டு 164 வோல்ற்றில் நிற்கும். கதோட்டு 1.3 வோல்ற்று உயர்ந்து நிற்பதனால் நெய்யரி அதனிலும் தாழ்ந்ததாகின்றது. வால்வு ஒழுங்காக இயங்குவதற்கு இத்தாழ்வு இன்றியமையாதது. கதோட்டுத் தடைக்குக் குறுக்கே 25 மைக்குரோபரட்டு ஒடுக்கியொன்றை இணைத்தால் விரியல் ஏறத்தாழ 54 மடங்கு. இணையாவிடில் அதிற் பாதியளவே கிட்டும்.

அப்படியாயின் இரண்டு படிகளாற் பெறுவது 2,900 மடங்குக்கு மேலன்றோ? இவ்வளவு எதற்கு என்று வினவலாம். வரைகள் ஒன்றையொன்று முட்டாதிருக்க இசைத்தட்டிலே தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும், மேற்பரப்பு இரைச்சலை மறைக்க உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் பதிவு செய்கின்றனர். அதனை நேர்செய்யும் தடை-ஒடுக்கிச் சுற்றை இரு படிகளுக்கும் இடையே வைத்தால், நடுச்சுரங்கள் பத்திலொன்றாகக் குறையும். எஞ்சிய விரியல் 290 மடங்கு. 5 மில்லிவோல்ற்று 1.4 வோல்ற்றாகும். அடுத்த படியின் சுமையினாற் சிறிது குறைந்தாலும் போதுமானதே.

தொல்லை தொடங்குவதும் இங்கேதான். மேற்கூறிய நேர்செய்சுற்று நடுச்சுரத்தைவிட 50 மீடிறனை ஏழு மடங்கு மிகுத்துக் காட்டும். நம் வீட்டு மின்சாரத்தின் மீடிறனும் 50! ஆகவே மின்சாரத்தின் முணுமுணுப்பு எங்கேனும் துளியளவு நுழைந்தாலும் அது இசையைவிட விரைவாக வளர்ந்துவிடும். முதற்படியிற் புகுந்த குறையைப் பின்னர் எதனாலும் நீக்க முடியாது. வால்வின் சூடாக்கியை நேரோட்டத்தால் எரித்தல், நிலைமாற்றியைத் தொலைவில் வைத்தல், ஊசித்தலைக் கம்பியை உறையிட்டு நடத்தல் ஆகியவை அனைத்தும் இதற்காகவே.

மாணவப் பருவத்தில் நான் அமைத்த முதற்கருவி வண்டுபோல் இரைந்தது. வால்வை மாற்றினேன், ஒடுக்கிகளை மாற்றினேன், கையிலிருந்த காசும் தீர்ந்தது. ஈற்றிற் பார்த்தால், புவித்தொடுப்புக் கம்பி உலோகத்தட்டை இரண்டு இடங்களில் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்குமிடையே ஓடிய சிறு மின்னோட்டமே அவ்வளவு இரைச்சலையும் விளைவித்தது. ஒரு தொடுப்பை வெட்டியதும் அறையில் நிசப்தம்!

இளைஞர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மின்னை நிறுத்திய பின்னரும் ஒடுக்கிகளில் 250 வோல்ற்று தங்கியிருக்கும். அது உயிருக்கே உலை வைக்கும். 47 மைக்குரோபரட்டு ஒடுக்கிக்குக் குறுக்கே 2,20,000 ஓம் தடையொன்றை நிலையாக இணைத்தால் ஒரு நிமிடத்தில் அம்மின்னேற்றம் வடிந்துவிடும். அதன் பின்னும் மானியால் அளந்து பார்த்தே கை வைத்தல் வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் மாணவர் இவ்வேலையில் இறங்கலாகாது.

வீட்டுப் பேழையில் பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் உள்ளோருக்கு ஒரு செய்தி. மேற்கூறிய நேர்செய்முறை அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற் கழகம் 1954 இல் வகுத்தது. அதற்கு முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போற் பதிவு செய்தது. பல தட்டுகளில் உயர்ந்த சுரங்கள் அவ்வளவாகக் கூட்டப்படவில்லை. அவற்றை இக்கருவியில் இட்டால் நாதசுரம் போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் மந்தமாகும். உயர்சுரத்தைத் தணிக்கும் ஒடுக்கியை விலக்குவதற்கு ஓர் ஆளி பொருத்தினால் அக்குறை தீரும். ஊசியையும் மாற்றுதல் வேண்டும். அத்தட்டுகளுக்குரிய ஊசிமுனை நெடுந்தட்டின் ஊசியைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு பருமனுடையது.