உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸுக்கு மாறிய மாநகராட்சி

கணினியின் அடிப்படை மென்பொருளான இயங்குதளங்களுள் ஒன்றாகிய விண்டோஸ் என்.டி. 4.0-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தவிருந்த நிலையில், ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி, அதன் அடுத்த பதிப்பை நாடாமல், மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய லினக்ஸுக்கு மாற 2003 மே மாதத்தில் துணிந்து முடிவெடுத்தது. அதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் தம் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்தி, மேயர் கிறிஸ்டியான் ஊடெவை நேரில் சந்தித்துப் பேசியும் பயனில்லை. துறைதோறும் ஊழியர்கள் சேர்த்து வைத்திருந்த கடித வார்ப்புருக்களையும், ஒரே கட்டளையில் பல வேலைகளை முடிக்கும் மேக்ரோக்களையும் மாற்றியமைப்பது பெரும்பாடாக இருந்ததால், அதற்கென வோல்முக்ஸ் என்னும் மென்பொருளை மாநகராட்சியே உருவாக்கி, பிறரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது பாராட்டத்தக்கது. 2013-இல் ஏறத்தாழ 15,000 கணினிகள் லினக்ஸில் இயங்கின. எனினும் 2017-இல் மாமன்றம் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது.