மூடி திறக்காத பாட்டிலாகக் கொடுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை. லண்டனில் ஒரு பப். கவுன்ட்டரில் மூன்று வரிசை ஆட்கள், காதைப் பிளக்கும் பாட்டு. அந்த இரைச்சலில் ‘டயட் கோக்’ கேட்பவருக்கு டயட் கோக்தான் வருமா என்பது ஊழியரின் கட்டைவிரலைப் பொறுத்தது.

பிரிட்டனின் பப்கள் பலவற்றில் கோலா பாட்டிலிலிருந்து வருவதில்லை. கீழே நிலவறையில், அட்டைப்பெட்டிக்குள் ஒரு பையில் கெட்டியான சிரப் இருக்கும். ஒரு பங்கு சிரப்புக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு சோடா நீர் சேர்ந்து குழாய் வழியே மேலேறி, ஊழியர்கள் ‘கன்’ என்று சொல்லும் கைப்பிடியின் முனையில் கொட்டும். அந்தக் கைப்பிடியில் பொத்தான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். சாதா கோலாவுக்கும் டயட்டுக்கும் இடையே ஒரு விரற்கடை தூரம்கூட இருக்காது. நிறம் ஒன்று, நுரை ஒன்று. ஐஸும் எலுமிச்சைத் துண்டும் போட்டுவிட்டால் நாக்குக்கும் குழப்பம்தான். இன்னொரு வில்லங்கமும் உண்டு. பெட்டி மாற்றும்போது தவறான குழாயில் மாட்டிவிட்டால் அன்றிரவு முழுக்க டயட் பொத்தானிலிருந்து சர்க்கரைத் தண்ணீர்தான் வரும். ஊற்றித் தருபவருக்கே அது தெரியாது.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இருப்பவருக்குக் கணக்கே வேறு. அங்கே விற்கும் சாதா கோகா கோலாவில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை. ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. நிரம்ப ஊற்றினால் 60 கிராம், அதாவது 15 டீஸ்பூன். ஐஸ் பாதி இடத்தை அடைத்துக்கொண்டாலும் 30 கிராம் உள்ளே போகும். பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்று கணக்குப் போடும் முதல் வகை நோயாளி, டயட் என்று நம்பியதால் அந்த மூன்று யூனிட்டைப் போட்டிருக்க மாட்டார். வீடு திரும்பும்போது சர்க்கரை எகிறியிருக்கும். காரணம் புரியாமல் இரவுச் சாப்பாட்டின் மேல் பழி போடுவார்.

இந்தத் தவறு எதிர்த்திசையில் நடந்தால் இன்னும் மோசம். சர்க்கரை இறங்கி, கை நடுங்க, வியர்த்து வழிய, ‘சாதா கோலா’ என்று கேட்டவரிடம் டயட் வந்தால், குடித்தும் பயனில்லை. லோ சுகருக்கு உடனடியாக 15 முதல் 20 கிராம் வேண்டும். சாதா கோகா கோலாவில் 200 மில்லி போதும். ஆனால் அது பெப்சி விற்கும் பப் என்றால்? பிரிட்டனில் 2023-இல் சாதா பெப்சியின் சர்க்கரையை 100 மில்லிக்கு 4.55 கிராமாகக் குறைத்துவிட்டார்கள். அதே 200 மில்லியில் இப்போது ஒன்பது கிராம்தான். லூக்கோசேட் என்ற குளுக்கோஸ் பானத்தின் மாவுச்சத்தும் 2017-இல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ‘சுகர் இறங்கினால் லூக்கோசேட் குடி’ என்று பழகியவர்கள் அளவை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2018 ஏப்ரலில் வந்த சர்க்கரை பான வரி, 100 மில்லிக்கு ஐந்து கிராமும் அதற்கு மேலும் உள்ள பானங்களைக் குறிவைத்தது. ஊருக்கு நல்லதுதான்; கோலாவையே முதலுதவியாக வைத்திருந்தவர்களுக்குத்தான் சங்கடம். பாக்கெட்டில் குளுக்கோஸ் மாத்திரை வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது.

என் கருத்தில், சிக்கலின் வேர் பொத்தானில் இல்லை. டயட் பானம் கேட்பதை மெலிய நினைப்பவரின் ஆசையாகவே கவுன்ட்டரில் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஒரு நாள் சாதா குடித்தால் என்ன ஆகிவிடும்?’ என்ற அலட்சியம் அங்கிருந்துதான் வருகிறது. ‘எனக்குச் சர்க்கரை நோய்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கவனம் கூடும். ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கம் வாழும் நம்மவர்களுக்கு இதைச் சொல்வதில்தான் தயக்கம். தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம், வரும் வயதும் குறைவு. வீட்டுக்கு வீடு ஒருவருக்கு இருக்கிறது. ஆனாலும் அலுவலக நண்பர்கள் முன்னால் வாய் வராது. அப்படித் தயங்குபவர்கள் வேறொன்று செய்யலாம்: ‘பாட்டிலாகக் கொடுங்கள், இங்கேயே திறங்கள்.’ சிறு கண்ணாடி பாட்டில் பெரும்பாலான பப்களில் இருக்கும். விலை கூட இருக்கலாம். கொடுக்கலாம், தவறில்லை.

பானத்தில் ஒரு சொட்டை குளுக்கோமீட்டர் பட்டையில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. சாதா கோலாவின் புளிப்பில் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாக உடைந்திருக்கும். அதனால் மீட்டர் உயர்ந்த எண்ணைக் காட்டும். ஆனால் பட்டை ரத்தத்துக்காகச் செய்தது. சந்தேகம் தீர்க்க உதவும். அதை நம்பி இன்சுலின் போடக் கூடாது.

கோலாவைத் தாண்டினாலும் பொறிகள் உண்டு. டானிக் வாட்டர் கசக்கிறதே, சர்க்கரை இருக்காது என்று நினைப்பது தப்பு. ‘ஸ்லிம்லைன்’ என்று கேட்க வேண்டும். சோடாவில் ஒன்றும் இல்லை, ஆனால் அதில் விடும் லைம் கார்டியலில் இருக்கலாம். புது எலுமிச்சையைப் பிழியச் சொல்லுங்கள். ‘0.0’ என்று அச்சிட்ட பியரில் அந்தப் பூஜ்யம் மதுவுக்குத்தான். ஹைனெக்கன் 0.0-வின் 330 மில்லி பாட்டிலில் சுமார் 16 கிராம் மாவுச்சத்து இருக்கிறது.

மது குடிப்பவர்களுக்கு ஆபத்து தலைகீழ். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை தருவது கல்லீரல். மது உள்ளே போனதும் அதை அகற்றும் வேலையில் இறங்கிவிடும் கல்லீரல், புதிதாகச் சர்க்கரை செய்வதைக் குறைத்துவிடும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதனால் சர்க்கரை இறங்கலாம்; அதுவும் அன்றிரவு தூக்கத்திலோ மறுநாள் காலையிலோ. ஜின்னோடு ஸ்லிம்லைன் டானிக், ரம்மோடு டயட் கோலா என்று கவனமாகக் குடிப்பவருக்கு அந்த இறக்கத்தைத் தடுக்க இனிப்பும் இல்லை. குளறும் பேச்சையும் தள்ளாட்டத்தையும் பார்த்துச் சுற்றியிருப்பவர்கள் ‘ஓவராகிவிட்டது’ என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சர்க்கரையை உயர்த்தப் போடும் குளுக்ககான் ஊசிகூட, மது உள்ளே இருக்கும் அந்த நிலையில் முழுப் பலன் தராமல் போகலாம்.

ஆகவே வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். கூட வருபவர்களில் ஒருவருக்காவது உங்கள் நோயைச் சொல்லிவையுங்கள். இன்சுலின் போடுபவர், மது தொடாமல் வண்டி ஓட்டும் பொறுப்பை ஏற்றிருந்தாலும், சாவியைத் திருப்பும் முன் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். பிரிட்டன் விதிப்படி லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். 4-க்குக் கீழே இருந்தால் ஓட்டவே கூடாது. சரியான பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.