கூவத்தின் வாயை அடைப்பது எது?

சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே, கூவம் ஆறு கடலைத் தொட வேண்டிய இடத்தில் அடிக்கடி மணல் திட்டுதான் நிற்கிறது. அந்த மணலைக் கொண்டுவருவது கடல்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகின்றன. ஏறும் அலை மணலைச் சற்று வடக்கே தள்ளுகிறது. இறங்கும் நீர் நேராகத் திரும்புகிறது. இப்படி ஓயாமல் வடக்கே நகர்ந்த மணலை, 1876-ல் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் சுவர்கள் வழிமறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிபட்டது. பாவம், கூவத்தின் முகத்துவாரம் மணல் சேரும் பக்கத்தில் மாட்டிக்கொண்டது.

வேகமான ஆறு என்றால் திட்டை உடைத்துக்கொண்டு போகும். கூவமோ ஏரிகளின் உபரிநீரை நம்பிய மழைக்கால ஆறு. நகருக்குள் நிலமும் ஏறக்குறையத் தட்டை. போதாததற்குத் தீவுத்திடலைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது.

வாய் அடைபட்டால் கடலேற்றத்தின் நீர் உள்ளே வந்து கழுவ வழியில்லை. கழிவுநீர் தேங்க, கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்கிறது. ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடுகின்றன. நாற்றத்துக்கு முக்கியக் காரணம் அதுவே. ஆகவே மணலை அள்ளுவது பாதி வேலைதான். கழிவுநீர் கலப்பதையும் நிறுத்தியாக வேண்டும்.