கேட்காமல் பாடலாம், கொடுக்காமல் பாடக்கூடாது!

அமெரிக்காவில் பாட்டுக்குப் பேர் போன ஊர் நாஷ்வில். 1974-ம் ஆண்டில் அந்த ஊரின் இளம் பாடகி ஒருவர் இரவெல்லாம் அழுதார். அவர் பெயர் டாலி பார்ட்டன்.

அவர் ஏன் அழுதார்?

அவர் சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டமைத்துப் பாடிய ஒரு பாட்டு அந்த ஆண்டுதான் வெளிவந்தது. "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" என்பது பாட்டின் பெயர். கேட்டவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். அந்தப் பாட்டைத் தானும் பாட வேண்டும் என்று எல்விஸ் பிரெஸ்லி ஆசைப்பட்டார்.

எல்விஸ் என்றால் சாமானியரா? அவர் வாயில் வந்த பாட்டு லட்சக்கணக்கில் விற்கும். டாலிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால், எல்விசின் மானேஜர் கர்னல் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை போட்டார். பாட்டின் உரிமையில் பாதியைத் தங்களுக்கு எழுதித் தர வேண்டும் என்றார். எல்விஸ் பாடும் பாட்டு எதுவானாலும் அப்படிக் கேட்பது அவருக்கு வழக்கம்.

டாலி, "முடியாது" என்று சொல்லி விட்டார். சொல்லிவிட்டு அழுதார். இதைப் பிற்காலத்தில் அவரே பல பேட்டிகளில் கூறி இருக்கிறார்.

18 ஆண்டுகள் போயின. எல்விஸ் 1977-ல் இறந்து விட்டார். 1992-ல் "தி பாடிகார்டு" என்ற சினிமாப் படம் வந்தது. அதில் விட்னி ஹூஸ்டன் என்ற பாடகி அதே பாட்டைப் பாடினார். 14 வாரங்கள் அமெரிக்காவில் அதுதான் முதல் இடம்! படத்தின் இசைத்தட்டு உலகம் முழுவதும் 4 கோடிக்கு மேல் விற்றது.

பாடியவர் விட்னி. ஆனால் பாட்டின் சொந்தக்காரர் டாலி. அப்போது அமெரிக்கச் சட்டம் நிர்ணயித்திருந்த கட்டணம், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்கு ஆறே கால் சென்ட். (100 சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர்.)

ஆறே கால் சென்ட் அற்பக் காசுதான். ஆனால் லட்சம் பிரதிக்குக் கணக்குப் போட்டால் 6,250 டாலர். கோடிப் பிரதிக்கு 6 லட்சத்து 25 ஆயிரம் டாலர்! அன்று பாதியை எழுதிக் கொடுத்திருந்தால், இதில் ஒரு பங்கு எல்விஸ் தரப்புக்குப் போயிருக்கும்.

ஒரு தட்டில் இரண்டு சொத்து

ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தம் குரலில் மறுபடி பாடிப் பதிவு செய்வதற்குக் "கவர்" என்று பெயர். இன்று கையில் ஒரு கிட்டாரும், வீட்டில் ஒரு மைக்கும் இருந்தால் யாரும் செய்யலாம். பெரிய கம்பெனி எதிலும் சேராமல் தாமே பாடி, தாமே வெளியிடும் பாடகர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

ஓர் இசைத்தட்டில் இரண்டு சொத்துக்கள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொரு சொத்து. இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் வேறு வேறாக இருக்கலாம். கவர் பாடுபவர் பாட்டை மட்டும்தான் எடுத்துக் கொள்கிறார். ஒலியைத் தாமே புதிதாக உண்டாக்குகிறார். ஆகவே, பணம் போக வேண்டியது பாட்டு கட்டியவருக்கு; முதலில் பாடியவருக்கு அல்ல.

இது சிலருக்குக் கொடுமையாகவும் முடிந்திருக்கிறது. "ஹவுண்ட் டாக்" என்ற பாட்டை முதலில் பாடிப் புகழ் பெற்றவர் பிக் மாமா தோர்ன்டன் என்ற நீக்ரோ இனப் பாடகி. 1953-ல் தட்டு வந்தது. 1956-ல் எல்விஸ் அதைப் பாடினார். விற்பனை பிய்த்துக் கொண்டு போயிற்று. பாட்டு எழுதிய இருவருக்கும் பணம் வந்தது. அந்த அம்மாள் பாட்டு எழுதியவர் அல்லவே! எல்விசின் தட்டில் அவருக்கு ஒரு சென்டும் சேர வழியில்லை.

ஓட்டைக் காகித வழக்கு

சொந்தக்காரரைக் கேட்காமலே பாடலாம், ஆனால் காசு கொடுத்துவிட வேண்டும் என்ற இந்த விசித்திர ஏற்பாடு எப்படி வந்தது?

அது பியானோ காலத்துக் கதை. சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவில் தானாக வாசிக்கும் பியானோ வந்தது. ஒரு நீண்ட காகிதச் சுருள். அதில் வரிசை வரிசையாகத் துளைகள். சுருளை மாட்டிக் காலால் மிதித்தால், துளை வழியே காற்று போய், பியானோக் கட்டைகள் தாமாக இறங்கி எழும். பேய் உட்கார்ந்து வாசிப்பது போல் இருக்கும்!

ஆடம் கைபல் என்பவர் ஓர் இசை அமைப்பாளர். சிறு வயதிலேயே கண்பார்வை இழந்தவர். அவருடைய இரண்டு பாட்டுகளின் உரிமையை ஒயிட்-ஸ்மித் என்ற கம்பெனி வாங்கி, அச்சிட்டு விற்றது. அதே பாட்டுகளை அப்பல்லோ என்ற கம்பெனி துளைச் சுருளாக்கி விற்றது. காலணாக் கொடுக்கவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று.

1908-ல் தீர்ப்பு வந்தது. துளைகளைப் பார்த்து மனிதர் எவரும் பாட்டைப் படிக்க முடியாது. ஆகையால் அது பாட்டின் பிரதி ஆகாது என்று கோர்ட்டு சொல்லி விட்டது. வழக்குத் தள்ளுபடி!

பாட்டு கட்டியவர்கள் பதறினார்கள். பேண்டு வாத்தியத்தில் புகழ் பெற்ற ஜான் பிலிப் சூசா, அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பாராளுமன்றக் குழு முன் நேரில் போய் முறையிட்டிருந்தார். பாராளுமன்றம் இப்போது சட்டம் செய்ய முன்வந்தது.

அதிலும் ஒரு சங்கடம். ஏயோலியன் என்ற பெரிய பியானோக் கம்பெனி, பாட்டுப் பதிப்பாளர்களுடன் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து வைத்திருந்தது. முழு உரிமை கொடுத்தால் நாட்டின் பாட்டெல்லாம் ஒரே கம்பெனியின் பெட்டிக்குள் போய்விடும். உரிமை கொடுக்காவிட்டால் பாட்டு கட்டியவர் பட்டினி.

நடுவழி ஒன்று கண்டார்கள். ஒரு பாட்டைச் சொந்தக்காரர் சம்மதத்துடன் ஒரு தடவை இயந்திரத்தில் ஏற்றிவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் பிரதிக்கு 2 சென்ட் கொடுத்துவிட வேண்டும். 1909-ல் இது சட்டமாயிற்று. இயந்திரத்துக்காக வந்த உரிமை ஆகையால், இன்றும் அதற்கு "மெக்கானிக்கல் லைசென்சு" என்றுதான் பெயர்.

அந்த 2 சென்ட் எத்தனை ஆண்டு நீடித்தது தெரியுமா? 1977 முடிய! ரொட்டி விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று, பாட்டின் விலை மட்டும் 68 ஆண்டு அசையவில்லை. 1978-ல்தான் இரண்டே முக்கால் சென்ட் ஆயிற்று.

சின்னப் பாடகர் என்ன செய்ய வேண்டும்?

பகலில் ஓட்டலில் வேலை பார்த்து, இரவில் பாடும் ஓர் அமெரிக்க இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். 10 பாட்டுள்ள ஒரு தட்டை 1,000 பிரதி போட விரும்புகிறார். அதில் 8 பாட்டு சொந்தம். 2 பாட்டு பிறருடையது.

முதலில் அந்த இரண்டும் ஏற்கெனவே தட்டாக வெளிவந்தவையா என்று பார்க்க வேண்டும். வெளிவராத பாட்டு என்றால், நேரில் கேட்டு அனுமதி வாங்கித்தான் தீர வேண்டும். முதல் தடவை யார் பாடுவது என்பது சொந்தக்காரர் விருப்பம்.

மிகப் பழைய பாட்டு என்றால் கவலையே இல்லை. அமெரிக்காவில் 1928-ல் வெளியான பாட்டுகள் 2024 ஜனவரி 1-ந் தேதி பொதுச் சொத்தாகி விட்டன. அவற்றை எவரும் பாடலாம். எவருக்கும் எதுவும் தர வேண்டாம்.

மற்றப் பாட்டுகளுக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டு கட்டியவர்களின் சங்கங்கள் பட்டியல் வைத்திருக்கின்றன, யாரும் பார்க்கலாம். ஆள் தெரிந்ததும் ஒரு நோட்டீசு அனுப்ப வேண்டும். "உங்கள் பாட்டைப் பதிவு செய்யப் போகிறேன்" என்று தெரிவிக்கும் நோட்டீசு அது. தட்டு தயாராகி 30 நாட்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். முதல் தட்டு விற்பனைக்குப் போவதற்கு முன்பும் போயிருக்க வேண்டும். இது அனுமதி கேட்கும் கடிதம் அல்ல, கவனிக்கவும். பாடப் போவதை அறிவிக்கும் கடிதம்.

நோட்டீசு கொடுக்க மறந்து, வேறு ஒப்பந்தமும் இல்லாமல் விற்று விட்டால்? அது திருட்டுப் பதிவு. வேண்டுமென்றே செய்தது என்று நிரூபணம் ஆனால், ஒரு பாட்டுக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரை கோர்ட்டு நஷ்ட ஈடு விதிக்கலாம்.

எவ்வளவு பணம்? 2023-ம் ஆண்டில் கட்டணம் 12 சென்ட். அதன் பிறகு விலைவாசியை அனுசரித்து ஆண்டுதோறும் கூட்டுகிறார்கள். 2023 கணக்கில் இரண்டு பாட்டு, 1,000 பிரதிக்கு 240 டாலர். 5 நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு என்றால் நிமிடக் கணக்கில் இன்னும் கொஞ்சம் ஏறும்.

பணம் கொடுப்பதைவிடக் கணக்குக் கொடுப்பதுதான் தலைவலி. சட்டத்தின் வழியே நேராகப் போனால், மாதா மாதம் 20-ந் தேதிக்குள் எத்தனை விற்றது என்று சத்தியம் செய்து கணக்கும் பணமும் அனுப்ப வேண்டும். ஆண்டு முடிந்ததும் தணிக்கை செய்த கணக்கும் தர வேண்டும். ஓட்டல் வேலைக்காரருக்கு ஆடிட்டர் வைத்துக் கட்டுமா?

ஆகையால் பெரும்பாலோர் ஏஜென்சி மூலம் போகிறார்கள். 1927-ல் தொடங்கிய ஹாரி பாக்ஸ் ஏஜென்சி இதில் பழையது. பாட்டின் பெயரையும், எத்தனை பிரதி என்பதையும் சொல்லி, கட்டணத்துடன் ஏஜென்சியின் சிறு கமிஷனையும் கட்டினால் லைசென்சு கைக்கு வந்து விடும்.

தட்டே போடாமல், கைப்பேசியில் கேட்கும் ஸ்பாட்டிபை போன்ற நிலையங்களில் மட்டும் வெளியிடுகிறவர்கள் பாடு இன்னும் சுலபம். 2018-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2021 ஜனவரி முதல் அந்த நிலையங்களே மொத்தமாக லைசென்சு எடுத்து, பாட்டு கட்டியவர்களுக்கான பணத்தை ஒரு பொது அமைப்பிடம் கட்டி விடுகின்றன. அமெரிக்காவில் இந்தக் கேட்புக்காகப் பாடகர் தம் சட்டைப் பையைத் தடவ வேண்டியதில்லை.

கையை வைக்காதே!

லைசென்சு எடுத்தாகி விட்டது. இனி பாட்டை என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? கூடாது. தம் குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஏற்ப சுருதி, தாளம், பாணி மாற்றிக் கொள்ளலாம். மெட்டின் அடிப்படையை மாற்றக் கூடாது. பழைய தட்டின் ஒலியில் ஒரு விநாடியைக்கூட வெட்டி ஒட்டக் கூடாது. அது இன்னொருவர் சொத்து.

பாட்டு கட்டியவர்களில் இந்த ஏற்பாட்டை வெறுத்தவர்களும் உண்டு. புகழ் பெற்ற பாடகர் பிரின்ஸ் 2011-ல் ஒரு டெலிவிஷன் பேட்டியிலேயே இதைக் கண்டித்துப் பேசினார். தம் பாட்டைப் பிறர் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சட்டம் அவரைக் கேட்கவில்லை! அவர் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கதை எழுதியவரைக் கேட்காமல் இன்னொருவர் அந்தக் கதையைப் புத்தகமாகப் போட முடியுமா?

ஆனால் படம் சேர்ந்து விட்டால் சட்டம் தலைகீழ்! பாட்டுடன் அசையும் படத்தைச் சேர்ப்பதற்கு வேறு லைசென்சு வேண்டும். அதற்குக் கட்டாயமும் இல்லை, நிர்ணயித்த விலையும் இல்லை. சொந்தக்காரர் மறுக்கலாம், மலை அளவு கேட்கலாம். "ஒலிக்கு லைசென்சு இருக்கிறதே" என்று நினைத்து யூடியூப்பில் வீடியோ போட்டவர்கள் பலர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்கள் வீடியோவை விட்டு வைத்து, அதில் வரும் விளம்பரப் பணத்தை மட்டும் எடுத்துக் கொள்வார்கள். வேண்டாம் என்றால் வீடியோவையே நிறுத்தி விடுவார்கள்.

நம் நாட்டில் எப்படி?

இந்தியாவிலும் இதே போன்ற விதி உண்டு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இடம் இருந்தது. பிறகு வந்த திருத்தத்தில், முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 2 ஆண்டு பொறுத்தால் போதும் என்று ஆயிற்று. 1980-களில் கேசட்டுகள் வந்ததும், பழைய சினிமாப் பாட்டுகளை வேறு குரல்களில் பாட வைத்து மலிவு விலையில் குவித்தார்கள். உறையைப் பார்த்தால் அசல் எது, நகல் எது என்று தெரியாது. கோர்ட்டுகளில் வழக்குகள் குவிந்தன.

2012-ல் சட்டத்தை இறுக்கினார்கள். இப்போது 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். முன்கூட்டி நோட்டீசு தர வேண்டும். உறையின் மாதிரியையும் காட்ட வேண்டும். உறையில் இது கவர் பதிவு என்று அச்சிட வேண்டும். பழைய பாடகரின் பெயரோ, படமோ இருக்கக் கூடாது.

இதெல்லாம் சரி. பணத்தில்தான் இடிக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். சில மொழிப் பாட்டுகளுக்கு இதைக் குறைத்து நிர்ணயிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இருந்தாலும், 500 பிரதி விற்றாலே பெரிது என்று நினைக்கும் சின்னப் பாடகர் 50,000-க்கு எங்கே போவார்?

அதனால் இங்கே அந்தச் சட்டத்தை நம்பிப் போகாமல், உரிமை உள்ளவருக்கே நேராகக் கடிதம் எழுதுவது நல்லது. சினிமாப் பாட்டு என்றால் உரிமை பெரும்பாலும் இசைக் கம்பெனியிடம் இருக்கும். எந்தப் பாட்டு, யார் பாடுவது, எங்கே வெளியிடுவது, வீடியோ உண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதிவிட வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போக வேண்டும். கம்பெனி சம்மதித்தால் தொகை பேச்சிலேயே முடிந்துவிடும். மறுத்தால், 5 ஆண்டும் 50,000 பிரதிக் கணக்கும்தான் மிச்சம்.