நடுங்குவது கை மட்டுமல்ல

என் தமையனாருக்குப் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு வயது எழுபது. மாத்திரையில் வலது கை நடுக்கம் ஓரளவு அடங்கியது. ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. சங்கத்துக் கச்சேரிக்குக் கூப்பிட்டால், "நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ, எனக்கு என்னவோ போல இருக்கு" என்பார். நாலு பேர் முன்னால் காபி டம்ளரைத் தொடப் பயம். கரியாஹாட் கூட்டம் என்றால் பயம். சாயங்காலம் நாலு மணி ஆனால் மார்பு படபடக்கும். "தைரியமா இருங்கோ அண்ணா" என்று அதட்டியவன் நான். அது தவறு என்று பிறகுதான் புரிந்தது.

1817ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். நம் ஆயுர்வேதத்தில் இதைக் கம்பவாதம் என்பர். மூளையில் டோபமின் என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதே இதற்கு முக்கியக் காரணம். அந்த ரசாயனம் கை கால்களை மட்டும் ஆள்வதில்லை. மனநிலையிலும் அதற்குப் பங்குண்டு. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனப் பதற்றம் இருக்கிறது. சிலருக்கு நடுக்கம் தெரியுமுன்பே அது வந்துவிடும். ஆகவே இது கோழைத்தனம் அல்ல, நோயின் ஒரு பகுதி. என்ஜினில் கோளாறு இருக்கும்போது டிரைவரைத் திட்டி என்ன பயன்?

பயந்தால் நடுக்கம் கூடும். நடுக்கம் கூடினால் பயம் கூடும். இந்தச் சுழலை உடற்பயிற்சியும் மூச்சும் சேர்ந்து தளர்த்த முடியும் என்று ஹாங்காங்கில் சோதித்துப் பார்த்தார்கள். 138 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 8 வாரம் மூச்சில் கவனம் வைத்துச் செய்யும் யோகா, மற்றதற்குச் சாதாரண உடற்பயிற்சி. முடிவு 2019இல் வெளியாயிற்று. நடமாட்டத்தில் இரண்டும் சமமான பலன் தந்தன. பதற்றமும் மனச்சோர்வும் யோகா செய்தவர்களுக்கே அதிகம் குறைந்தன.

கொல்கத்தாவுக்கு யோகா புதிதல்ல. பரமஹம்ச யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷ் 1923லேயே இங்கு உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். ஆனால் இந்நோயாளிகளுக்குக் கடினமான ஆசனங்கள் வேண்டாம். விழுந்துவிடும் அபாயம் உண்டு.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ரயில்வே பழக்கப்படி ஒரு லாக் புக் போட்டேன். மாத்திரை சாப்பிட்ட நேரம் ஒரு பக்கம், படபடப்பு வந்த நேரம் மறுபக்கம். பத்து நாளில் விஷயம் தெரிந்தது. ஐந்து மணி மாத்திரைக்கு முன், பழைய மாத்திரையின் வேகம் குறையும் வேளையில்தான் பயம் வருகிறது! நோட்டைப் பார்த்த டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். மாத்திரையை நாமாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

அடுத்தது மூச்சு. கைப்பிடி உள்ள நாற்காலியில் இரு பாதமும் தரையில் படிய உட்கார்ந்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது. அடக்கி வைப்பதில்லை. காலையும் மாலையும் பத்து நிமிஷம் நானும் கூடவே உட்காருவேன். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நகராதபோது, அவசரப்படுத்தாமல் நின்று ஒரு மூச்சு விடச் சொல்வோம். தரையில் ஸ்லீப்பர் கட்டை போலக் குறுக்கே வண்ணப் பட்டைகள் ஒட்டினோம். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும்புகிறது!

நோய் போய்விடவில்லை. ஆனால் போன பொங்கல் விழாவுக்கு அண்ணா வந்தார். அரை டம்ளர் காபி வாங்கி, இரு கையாலும் பிடித்துக் குடித்தார். கொஞ்சம் சிந்தியது. துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, இங்கே தனியாக வாழும் பெரியவர்கள் நம்மில் பலர். டாக்டரிடம் வங்காளியிலோ ஆங்கிலத்திலோ நடுக்கத்தைச் சொல்லிவிடலாம். பயத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல வருகிறது. அப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால், "பயப்படாதீங்கோ" என்று சொல்லாதீர்கள். போய் அருகே உட்காருங்கள். பத்து நிமிஷம் அவரோடு மூச்சு விடுங்கள்.