கூட்டாளியும் பாதிக்கப்பட்டவரே

போதைப் பழக்கம் என்றதும் நாம் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து வருந்துகிறோம். கூட்டாளியை யாரும் நினைப்பதில்லை. ஆனால் டிக்கோயாத் தோட்டங்களில் ஒருவனைக் கசிப்போ, தூளோ, ஐஸோ பிடித்துக்கொண்டால், வீட்டாருக்கு முன்பே அதை அறிகிறவன் பெரும்பாலும் கூட்டாளிதான்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்தச் சுமை இன்னும் கனமானது. 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது பல குடும்பங்கள் லயன்களை இழந்து முகாம்களில் தங்கின. இப்படி வேரோடு பெயர்ந்தவர்களுக்கு அயல்வீட்டுச் சிநேகிதனே அண்ணன், தம்பி.

முதலில் வருவது கைமாற்று. "சம்பளத்தன்று தருகிறேன்" என்பான். அடுத்து, வீட்டுத் தோட்டை அடகு வைத்துக் கொடுக்கிறோம். பிறகு, இருவரும் சேர்ந்து வாங்கிய மருந்தடிக்கும் மெசின் காணாமற் போகிறது. கூட்டாகப் போட்ட மரக்கறிப் பாத்தியில் ஒருவர் மட்டுமே மண்வெட்டி பிடிக்கிறார். காசைவிடப் பெரிய நட்டம் வேறொன்று உண்டு. கங்காணியிடம், "அவனுக்குக் காய்ச்சல்" என்கிறோம். அவன் மனைவி கேட்டால், "என்னோடுதான் இருந்தான்" என்கிறோம். இப்படி அவனுடைய பொய்க்கு நாமும் பங்காளியாகிறோம். அவன் பழக்கம் இன்னும் சில மாதம் மறைவாக வளர்கிறது. ஊராரோ இருவரையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள். நம் தங்கைக்கு வந்த வரன்கூடத் தட்டிப்போகலாம்.

அமெரிக்காவில் குடிநோயாளர்கள் 1935இல் தமக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 1951இல் அவர்களுடைய குடும்பத்தாரும் நண்பர்களும் அல்-அனான் என்ற தனி அமைப்பைக் கண்டார்கள். நண்பருக்கும் ஆறுதல் வேண்டும் என்று அன்றே உணர்ந்திருக்கிறார்கள். மற்றவரின் குடிக்குத் தாங்கள் காரணமல்ல, அதைத் தங்களால் அடக்கவும் முடியாது என்பது அவர்கள் கற்கும் முதற்பாடம்.

ஆகவே காசு கொடுக்க வேண்டாம். பசித்தால் சோறு கொடுங்கள். அவனுக்காகப் பொய் சொல்ல வேண்டாம். தெளிந்திருக்கும் காலை வேளையில் பேசுங்கள். (உபதேசம் செய்ய நாங்களும் வல்லவர்கள்தாம், வெறியில் இருப்பவனிடம் அது எடுபடாது.)

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்த வைப்பது ஆபத்து. நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வந்து உயிரே போகலாம். கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். தூள் பாவித்தவர் சில வாரம் நிறுத்தியபின் பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது, மூச்சு நின்றுவிடலாம். மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பியவரை முதல் வாரங்களில் தனியே விடாதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அவர்தான் பேச வேண்டும் என்றில்லை, கூட்டாளியும் பேசலாம்.